எம்ஜிஏ-வில் ஒரு சவாரி: உள்ளே ஓடுவது நம்ம அம்பாசடர் எஞ்சினா?

வைகைக்கரையான்

போன சனிக்கிழமை எதிர்வீட்டுப் பெரியவர் தன் பழைய ஸ்போர்ட்ஸ் காரில் என்னை ஏற்றிக்கொண்டு போனார். எம்ஜி கம்பெனி 1957-ல் செய்த எம்ஜிஏ 1500. இரண்டே சீட், கூரையை மடித்துப் போட்டிருந்தார், நிறம் நல்ல மிளகாய் வற்றல் சிவப்பு. நான் இருப்பது இங்கிலாந்தில், ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே ஆபிங்டன் என்கிற சின்ன ஊர். இந்த வண்டி பிறந்த தொழிற்சாலையும் இதே ஊரில்தான் இருந்தது, 1980-ல் மூடிவிட்டார்கள். பெரியவர் பதினாறு வயதில் அங்கே வேலை பழகச் சேர்ந்தவர். அவர் சேர்வதற்குள் எம்ஜிஏ நின்றுபோயிருந்தது. 1955 முதல் 1962 வரைதான் அதன் காலம். மொத்தம் செய்த லட்சத்துச் சொச்சத்தில் பெரும்பாலானவை அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறிவிட்டன. இவர் வண்டியும் அப்படிப் போய், வயதான காலத்தில் ஊர் திரும்பியதுதான். இடப்பக்கம் இருந்த ஸ்டியரிங்கை வலப்பக்கம் மாற்றியிருக்கிறார்.

முதல் அவமானம் கதவிலேயே. கைப்பிடியைத் தேடுகிறேன், தடவுகிறேன், குனிந்து பார்க்கிறேன். வெளியே கைப்பிடி என்று ஒன்று கிடையவே கிடையாது. கதவுக்கு மேலாகக் கையை உள்ளே விட்டு, அங்கே இருக்கிற கயிற்றை இழுக்கணும். பெரியவர் நான் தடவி முடிக்கும்வரை பொறுமையாக நின்று ரசித்துவிட்டுத்தான் சொன்னார். எல்லோருக்கும் இதையே செய்வார் போல.

ஏறி உட்கார்ந்தேன் என்று எழுத முடியாது, இறங்கி உட்கார்ந்தேன். புட்டம் கிட்டத்தட்ட ரோட்டில். கால் இரண்டும் முன்னால் ஒரு நீளமான பொந்துக்குள் போய்விடும். காலுக்குக் கீழே இருப்பது இரும்புத் தகடு இல்லை, பிளைவுட் பலகை! சாவியைத் திருப்பியதும் முதுகுக்குப் பின்னால் டிக்டிக்டிக் என்று வேகமாக ஒரு சத்தம். மெதுவாகி, நின்றது. கார்புரேட்டர் இரண்டும் நிரம்பும்வரை பெட்ரோல் பம்ப் அப்படித் துடிக்குமாம். அப்புறம் சோக் குமிழை இழுத்தார், ஸ்டார்ட்டர் குமிழை இழுத்தார், எஞ்சின் பிடித்தது.

இதைச் சொல்லத்தான் இழையே தொடங்கினேன். எஞ்சின் பிடித்த அந்தக் கணம் எனக்கு மதுரை. எங்கப்பா ஜங்ஷன் ஸ்டாண்டில் 26 வருஷம் அம்பாசடர் டாக்ஸி ஓட்டியவர். மார்க் டூ, பெட்ரோல் வண்டி. பாண்டியன் எக்ஸ்பிரஸ் வரும் நேரத்துக்கு விடிகாலையில் வாசலில் அவர் வண்டியைக் கிளப்பிச் சூடு பண்ணுகிற சத்தத்தில்தான் நான் பள்ளிக்கூடக் காலம் முழுக்கக் கண் விழித்தேன். இந்த வண்டியில் அதே இருமல், அதே டேப்பட் தட்டல் (வால்வைத் தள்ளும் பாகத்தின் இடைவெளிச் சத்தம்), அதே சூடான ஆயில் வாசனை. சைலன்சர் வழியாக வரும் குரல் மட்டும் கொஞ்சம் கட்டை. நான் பேசாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, எனக்குப் பயம் போலிருக்கிறது என்று பெரியவர் நினைத்துக்கொண்டார்.

வான்டேஜ் தாண்டி, குன்றுகளின் அடிவாரத்தில் பி4507 என்று ஒரு குறுகலான சாலை வளைந்து வளைந்து போகும். மணிக்கு 50 மைல் தாண்டவில்லை. நம்ம கணக்கில் 80 கிலோமீட்டர், என் சாதாரண வண்டியில் அந்த வேகத்தில் கொட்டாவி வரும். இதில் கண்ணில் நீர் வருகிறது. எதிரே வந்த லாரியின் சக்கர நட்டு என் காது உயரத்தில் போயிற்று. கியர்பாக்ஸ் மேடு வலது முழங்காலில் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே வந்தது. மர நிழலுக்குள் நுழைந்தால் கன்னம் சில்லென்கிறது, வெளியே வந்தால் வெயில் சுள்ளென்கிறது. ஒரு பண்ணையில் புல் அறுத்திருந்தார்கள், அது கண்ணுக்குத் தெரிவதற்கு ஒரு வளைவு முன்பே மூக்குக்குத் தெரிந்துவிட்டது.

யூஃபிங்டன் வெள்ளைக் குதிரைக்கு ஏறும் மேட்டில் (குன்றின் மேல் சுண்ணாம்புக்கல்லை நிரப்பி வரைந்த உருவம், மூவாயிரம் வருஷம் பழசு) வண்டி இருமி நின்றுவிட்டது. பெரியவர் அலட்டிக்கொள்ளவில்லை. சீட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு சுத்தியலை எடுத்தார், பின்சக்கரத்துக்கு முன்னால் குனிந்தார், அடியில் இருந்த பம்பைச் சுத்தியல் பிடியால் இரண்டு தட்டுத் தட்டினார். டிக்டிக்டிக். கிளம்பிவிட்டோம். என்ன கோளாறு என்று கேட்டேன். "வயசு," என்றார்.

என் கேள்வி இதுதான். அந்தச் சத்தம் உண்மையிலேயே அம்பாசடர் சத்தமா, இல்லை வீட்டு ஞாபகத்தில் எனக்கு வந்த பிரமையா? எஞ்சின் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இரும்புக்கடை_கோவை

பிரமையெல்லாம் இல்லீங்க தம்பி. உங்க காது சரியாத்தான் கேட்டிருக்குது.

ரெண்டும் பி சீரிஸ் எஞ்சின். 1489 சிசி, நாலு சிலிண்டர், ஒரே வார்ப்புக் குடும்பம். 1952-ல ஆஸ்டினும் மோரிஸும் ஒண்ணாச் சேர்ந்து பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) ஆச்சு. அதுக்கப்புறம் ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனி எஞ்சின் எதுக்குன்னு, ஆஸ்டின்காரங்க செஞ்ச இந்த எஞ்சினை மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டுங்கற காருலயும் போட்டாங்க, எம்ஜியிலயும் போட்டாங்க. நம்ம அம்பாசடர் யாருன்னா மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூணாம் சீரிஸ்தான். அது ஆக்ஸ்ஃபோர்டு பக்கத்துல கௌலியில செஞ்ச வண்டி. ஆபிங்டன்ல இருந்து கூப்பிடு தூரம்னு உங்களுக்கே தெரியும். வங்காளத்துல உத்தர்பாரா தொழிற்சாலையில ஆரம்பத்துல வால்வு பக்கவாட்டுல இருக்கற சைடு வால்வு எஞ்சினோட ஓட்டிட்டு, கொஞ்ச வருசத்துல வால்வு மேல இருக்கற இந்த ஓவர்ஹெட் வால்வுக்கு மாறிட்டாங்க. உங்கப்பாரு வண்டியில இருந்தது அதுதான்.

வித்தியாசம் இருக்குதுங்க. எம்ஜிஏ-வுக்கு எஸ்யூ கார்புரேட்டர் ரெண்டு, நமக்கு ஒண்ணு. அங்க கம்ப்ரஷன் ஜாஸ்தி. எம்ஜிஏ முதல்ல 68 குதிரைத்திறன், பிறகு 72. அம்பாசடர் ஐம்பதைச் சுத்தித்தான் நிக்கும். ஹெட்டைக் கழட்டிப் பார்த்தா ரெண்டுலயும் அதே அமைப்புத்தான்: நாலு சிலிண்டருக்கும் சேர்த்து பெட்ரோல் உள்ள போற வழி ரெண்டே ரெண்டு, புகை வெளிய வர்ற வழி மூணு. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் ஒரே வாயில குடிக்கறதால ஐடிலிங்ல லேசா ஒரு தள்ளாட்டம் இருக்கும். நீங்க இருமல்னு எழுதியிருக்கறது அதுதான்னு நெனைக்கறன்.

பம்ப் மட்டும் வேற சாதி. நம்மளுது எஞ்சின் பக்கவாட்டுல உட்கார்ந்து கேம்ஷாஃப்ட் தள்ளி ஓடும். அங்க கரண்டுல ஓடுது. உள்ள கரண்டை விட்டு விட்டுக் குடுக்கற ஒரு பாயின்ட் இருக்கும், அது தேஞ்சு ஒட்டிக்கிச்சுன்னா தட்டினாத்தான் விடும். பெரியவரை அந்தப் பாயின்ட்டை மாத்தச் சொல்லுங்க, தட்டறது எத்தனை நாளைக்கு.

இன்னொண்ணு கேக்கணும். வண்டி நிக்கற இடத்துல அட்டை விரிச்சு வச்சிருக்காரா?

வைகைக்கரையான்

அண்ணே, எப்படித் தெரியும்! பழைய பிஸ்கட் ட்ரே ஒன்று வைத்திருக்கிறார்.

இரும்புக்கடை_கோவை

எஞ்சினுக்குப் பின்னால, கிராங்க்ங்கற சுழலற தண்டு முனையில ரப்பர் சீல் கிடையாதுங்க. திருகு மாதிரி ஒரு வரி வெட்டியிருக்கும், வண்டி ஓடறப்ப அது ஆயிலை உள்ளுக்கே திருப்பி விட்டுரும். நின்னுட்டா அதுக்கு வேலை இல்லை. மேட்டுல மூக்கைத் தூக்கி நிறுத்தினா இன்னும் ஜாஸ்தி சொட்டும். எத்தனை வீட்டு வாசல்ல இதுக்காக நான் திட்டு வாங்கியிருப்பேன்.

ஹெக்டர்_பையன்

எம்ஜின்னா ஹெக்டர் கம்பெனி தானே ப்ரோ? அது சைனா கம்பெனின்னு சொன்னாங்க. இங்கிலாந்து எங்கிருந்து வந்துச்சு?

சோழவரம்_பெருசு

தம்பி, எம்ஜி என்றால் மோரிஸ் கராஜஸ். ஆக்ஸ்ஃபோர்டில் வில்லியம் மோரிஸ் வைத்திருந்த கார் விற்பனைக் கடையின் பெயர் அது. அங்கே மேலாளராக இருந்த செசில் கிம்பர் சாதாரண மோரிஸ் வண்டிகளுக்கு அழகான உடம்பு கட்டி விற்கத் தொடங்கியதில் உண்டான பெயர். பல கை மாறி இப்போது சீனாவின் சாய்க் நிறுவனத்திடம் இருக்கிறது. இந்தியாவுக்கு 2019-ல் ஹெக்டரோடு வந்தார்கள். எண்கோணச் சின்னம் மட்டும்தான் பழைய சொத்து.

இழை தொடங்கியவருக்கு ஒரு திருத்தம். நீங்கள் எழுதவில்லை, ஆனால் இங்கே யாராவது இதை 'வின்டேஜ்' என்று சொல்லக் கிளம்புவதற்கு முன் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் வின்டேஜ் என்றால் 1930-க்குள் செய்தது. அதற்குப் பிறகு வந்ததை அங்குள்ள பெருசுகள் அந்தப் பெயரில் அழைக்க விடமாட்டார்கள். எம்ஜிஏ கிளாசிக், அவ்வளவுதான். நம் நாட்டில் கதை வேறு. 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி ஐம்பது வயது தாண்டி, பெரிதாக உருமாற்றம் செய்யாத எந்தக் காரும் பைக்கும் வின்டேஜ். நம்பர் பிளேட்டில் மாநில எழுத்துக்கு அடுத்து 'விஏ' என்று வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். ஆக, உங்கள் அப்பா வண்டி இன்று உயிரோடு இருந்தால் சட்டப்படி அது வின்டேஜ், ஆபிங்டனில் பிறந்த அதன் உறவுக்கார ஸ்போர்ட்ஸ் கார் அங்கே வின்டேஜ் இல்லை! எனக்கு இதில் ஒரு அற்ப சந்தோஷம்.

எம்ஜிஏ-வின் அந்த வழுவழுப்பான உருவம் எங்கிருந்து வந்தது என்பதும் கேட்க நன்றாக இருக்கும். 1951-ல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்துக்காக எம்ஜி டிடி என்ற முந்தைய மாடல் ஒன்றுக்குப் புது உடம்பு வரைந்தார் எம்ஜி பொறியாளர் சிட் எனெவர். காற்றைக் கிழித்துப் போனது, ஆனால் ஓட்டுநர் உட்கார்ந்த இடம் உயரமாகிப்போய் மேலே துருத்திக்கொண்டிருந்தார். அடியில் இருந்த இரும்புச் சட்டங்களை அகட்டி, ஆளை நடுவில் தாழ இறக்கிப் புது சேஸிஸ் (வண்டியின் அடிக்கூடு) செய்தார்கள். உங்கள் புட்டம் ரோட்டில் இருந்ததற்குக் காரணம் அதுதான். அதை 1952-லேயே விற்பனைக்குக் கொண்டுவந்திருக்கலாம். பிஎம்சி பெரிய தலைகள் அப்போதுதான் ஆஸ்டின்-ஹீலி என்ற இன்னொரு ஸ்போர்ட்ஸ் காருக்குத் தலையாட்டிவிட்டதால் மூன்று வருஷம் காக்க வைத்துவிட்டார்கள்.

நான் இந்த வகை வண்டிகளை முதலில் பார்த்தது சோழவரத்தில். உலகப் போர் காலத்து விமான ஓடுதளம், வருஷா வருஷம் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயம் நடத்தும். சைக்கிளில் போய், முள்வேலி ஓரம் நின்று, முகமெல்லாம் செம்மண்ணோடு வீடு வருவோம். ஃபியட், ஹெரால்டு எல்லாம் ஓடும். 1990-ல் பந்தயம் இருங்காட்டுக்கோட்டைக்குப் போன பிறகு எனக்கு அந்த ருசி விட்டுப்போய்விட்டது. அங்கே உட்கார நாற்காலி இருக்கிறது, அது ஒரு குறையா என்று பேரன் கேட்கிறான்.

டீக்கடை_பெஞ்ச்

எல்லாரும் கண் கலங்கி முடிச்சாச்சா? நான் கொஞ்சம் தண்ணி ஊத்துறேன்.

சீட் பெல்ட் கிடையாது. மோதினா ஸ்டியரிங் கம்பி நேரா நெஞ்சுக்கு வரும், மடங்காது. நாலு சக்கரத்துலயும் டிரம் பிரேக். புகையைப் பத்திக் கேக்கவே வேண்டாம். இதையே நம்ம ஊர்ல ஒரு ஆட்டோக்காரர் ஓட்டினா "ஓட்டை வண்டி, ஸ்கிராப் பண்ணு"ன்னு சொல்லுவோம். வெள்ளைக்காரத் தாத்தா ஓட்டினா பாரம்பரியம். உங்கப்பா அம்பாசடரை என்ன பண்ணீங்க வைகை? இரும்புக்குத்தானே போட்டீங்க?

வைகைக்கரையான்

ஆமாம். இரும்புக்குத்தான் போட்டோம். எடைக்குத்தான் எடுத்தார்கள். அன்றைக்கு அப்பா வீட்டில் இல்லை, வேண்டுமென்றே தெரு முனைக்குப் போய்விட்டார்.

நீங்கள் சொன்ன மற்றதையும் மறுக்க மாட்டேன். இவர் வண்டியில் பின்னாளில் போட்ட பெல்ட் கூட இல்லை. 1965-க்கு முன் செய்த வண்டி என்பதால் இங்கே சட்டம் கேட்பதும் இல்லை. நாற்பது வயது தாண்டியதால் சாலை வரி இல்லை, 2018 முதல் வருடாந்திரச் சோதனையும் கட்டாயமில்லை. இருந்தும் அவர் வருஷா வருஷம் சொந்தக் காசில் சோதனைக்கு விடுகிறார். ஞாயிறு, சனி என்று வருஷத்துக்கு ஆயிரம் மைல் ஓடினால் அதிகம். புகையை அந்த ஆயிரம் மைலோடு சேர்த்து எடை போடுங்கள் என்பேன். ஆனால் ஆட்டோக்காரர் விஷயம் நியாயம். பதில் இல்லை.

பிரேக்கைப் பற்றி ஒன்று. முன்னால் வண்டி நின்றால் பெரியவர் அரை பர்லாங்குக்கு முன்பே காலை எடுத்துவிடுகிறார். அப்பாவும் அப்படித்தான் ஓட்டுவார். பிரேக்கை நம்பாதவர்கள் ரோட்டைப் பார்த்து ஓட்டுவார்கள் போல.

கொள்ளுப்பிட்டி_பிள்ளை

வாசிக்க வாசிக்க எனக்குப் பழைய நினைவுகள். என்ட மாமா கொழும்பில ஒரு எம்ஜி வச்சிருந்தவர், இதுக்கு முந்தின ரகம், சதுர மூக்கு, டிடி எண்டு நினைக்கிறன். நான் சின்னனா இருக்கேக்க சித்திரைச் சீசனுக்கு நுவரெலியாவுக்கு அதிலதான் கூட்டிக்கொண்டு போனவர். மகாகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயம் பாக்கிறதுக்கு. மாமியும் மாமாவும் முன்னுக்கு, நான் பின்னுக்கு சூட்கேஸ் வைக்கிற இடத்தில, சூட்கேஸுக்கு மேல.

ரம்பொடையில மழை பிடிச்சுது. கண்ணாடி ஏத்துற கதவு இல்லை, கன்வஸ் மாதிரி ஒரு பக்கத்திரை கொழுவ வேணும், அதில பிளாஸ்டிக் ஜன்னல் மஞ்சளாப் போய் ஒண்டும் தெரியாது. மாமா நிப்பாட்டேல்ல. ஓடிக்கொண்டிருந்தா மழை தலைக்கு மேலால போயிடும், நிண்டாத்தான் நனைவம் எண்டார். உண்மைதான், முன்னுக்கு இருந்த ரெண்டு பேரும் நனையேல்ல. பின்னுக்கு இருந்த நான் முழுக்க நனைஞ்சு போனன். அந்தத் தத்துவத்தில பின் சீட்டுக்காரரைப் பற்றி யோசிக்கேல்ல.

கியர்_மகேஸ்வரி

வைகை, சவாரி பற்றி இவ்வளவு எழுதினீங்க, முக்கியமானதை விட்டுட்டீங்க. ஓட்டக் கொடுத்தாரா? நான் இருபது வருஷமா ஓட்டுறேன், பக்கத்து சீட்ல உட்கார்ந்து வந்ததை யாரும் இவ்வளவு உருகி எழுதிப் பார்த்ததில்லை. அப்புறம், தலைமுடி என்ன ஆச்சு?

வைகைக்கரையான்

கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. இன்சூரன்ஸில் அவர் பெயர் மட்டும்தான். கேட்டாலும் முடிந்திருக்காது: இண்டிகேட்டர் டேஷ்போர்டில் ஒரு குமிழ், ஹாரன் டேஷ்போர்டின் நடுவில், முதல் கியரை ஓடும்போது போட்டால் பற்கள் கத்தும். வளைவில் அவர் கை செய்கிற வேலையைப் பார்க்கவே நேரம் சரியாக இருந்தது. பக்கத்து சீட்டுக்காரனுக்குத்தான் வேடிக்கை பார்க்கக் கிடைக்கும், ஓட்டுகிறவருக்கு ரோடு மட்டும்தான்.

முடி பற்றிக் கவலைப்படும் நிலையை நான் தாண்டிப் பல வருஷம் ஆயிற்று. மகள்தான் தானும் வருவேன் என்று ஒரே அடம். ஐந்து வயது. பெல்ட் இல்லாத வண்டியில் மூன்று வயதுக்குக் கீழ் குழந்தைகளை ஏற்றவே கூடாது, அதற்கு மேல் என்றால் பின் சீட்டில்தான் உட்காரலாம் என்பது இங்கே சட்டம். இதில் பின் சீட்டே கிடையாது. நின்ற வண்டியில் ஏற்றி ஹாரன் அடிக்க விட்டார். தெருவே எட்டிப் பார்த்தது.

இரும்புக்கடை_கோவை

தம்பி, அந்தச் சத்தத்தைப் போன்ல பிடிச்சு அப்பாருக்கு அனுப்பினீங்களா? எதுன்னு சொல்லாம அனுப்புங்க.

வைகைக்கரையான்

அனுப்பினேன் அண்ணே. நேற்று காலை பெரியவர் கிளப்பும்போது பானட் பக்கத்தில் நின்று ஒரு நிமிஷம் பதிவு செய்து, ஒன்றும் எழுதாமல் வாட்ஸ்அப்பில் போட்டேன். அப்பாவுக்கு வயது 79, செல்போனைக் காதில் வைத்துத்தான் எல்லாவற்றையும் கேட்பார், வீடியோவைக்கூட. பத்து நிமிஷத்தில் கூப்பிட்டார்.

"யார் வண்டிடா இது? ரெண்டாவது சிலிண்டர் டேப்பட் லூசா இருக்கு. டைட் பண்ணச் சொல்லு."

அவ்வளவுதான். அம்பாசடரா என்று கேட்கக்கூட இல்லை, அதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. இது 1957-ம் வருஷத்து இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார் என்று சொன்னேன். "இருந்துட்டுப் போகட்டும், டேப்பட்டைப் பார்க்கச் சொல்லு" என்றார்.

டீக்கடை_பெஞ்ச்

சரி, இதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. ஒரு டீ என் கணக்குல.

இரும்புக்கடை_கோவை

அப்பாருக்கு ஒரு கும்பிடுங்க. ஆனா உண்மையைச் சொல்லணும், டேப்பட் லூசுங்கறது போன்ல கேட்டுச் சொல்லலாம். எந்த சிலிண்டர்னு சொல்றது முடியாத காரியம். ஹெட் கவர்ல ஸ்குரூ டிரைவரை வச்சுக் காதைக் கொடுத்தாலே நான் ரெண்டு தடவை தப்பா சொல்லியிருக்கறேன். பெரியவர் கவரைக் கழட்டி ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கற தகடு) விட்டுப் பார்த்தா எழுதுங்க.

வைகைக்கரையான்

அடுத்த சனிக்கிழமை வந்துவிட்டது, முடிவும் வந்துவிட்டது.

மதுரையிலிருந்து ஒருவர் இப்படிச் சொல்கிறார் என்றதும் பெரியவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு உள்ளே போய்ச் சாவியும் கேஜும் எடுத்துவந்தார். எட்டு வால்வையும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம், நான் கிராங்கைத் திருப்பினேன், அவர் கேஜை விட்டார். ஏழு சரியாக இருந்தது. ஒன்று மட்டும் தாராளம், கேஜ் உள்ளே போய் ஆடியது. ஆனால் அது இரண்டாவது சிலிண்டர் இல்லை, மூன்றாவது. இரும்புக்கடை அண்ணன் சொன்னதுதான் சரி.

அங்கேயே நின்று அப்பாவைக் கூப்பிட்டு, லூசு இருந்தது, ஆனால் மூன்றாவதில் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"அவரு எங்கேருந்து எண்றாரு?"

ரேடியேட்டர் பக்கத்திலிருந்து, அதுதானே முறை என்றேன்.

"அது மெக்கானிக்குக்குடா. நான் சீட்ல உக்காந்து எண்றவன்."